முருங்கையில் மயிர்க்கொட்டி: மருந்தா, கோடாலியா?

சாவகச்சேரியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மாரி தொடங்கினதிலிருந்து கிணற்றடி முருங்கையின் அடிமரம் முழுக்க மயிர்க்கொட்டி அப்பிக் கிடக்குது. சின்னவனுக்குக் கை தடிச்சுப்போச்சு. மருந்து அடிக்கிறதா, மரத்தைத் தறிக்கிறதா?"

இரண்டும் வேண்டாம் அம்மா. இலை ஆய்ந்து வறை வைக்கிற மரத்துக்கு நஞ்சு எதற்கு? மொட்டையாகத் தின்றாலும் முருங்கை திரும்பத் துளிர்க்கும். மயிர்க்கொட்டியை விரும்பித் தின்னும் சுடலைக் குயிலுக்கும் அந்த நஞ்சு போய்ச் சேரும்.

இது யூப்டெரோட் மொல்லிஃபெரா என்ற அந்துப்பூச்சியின் புழு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் முருங்கையைத் தேடி வருவது. மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்தது, மழை நிலத்தை நனைத்ததும் அந்தாக வெளியே வரும். விறாந்தை லைட்டைச் சுற்றும் மங்கிய மஞ்சட் பழுப்புச் சிறகுக்காரர் இவர்தான். பெண் அந்து இலையிலும் இளந்தண்டிலும் குவியலாக முட்டையிடும். அந்தக் குவியல் கண்ணில் பட்டால் இலையோடு கிள்ளி எரித்துவிடுங்கள், பாதி வேலை முடிந்தது. பொரித்த குஞ்சுகள் பிரியாமல் கூட்டமாகவே வளரும். இரவில் ஏறி இலை தின்னும், பகலில் அடிமரத்தில் ஒட்டிக்கிடக்கும். முற்றியதும் இறங்கி மண்ணுக்குள் கூடு கட்டும். மரத்தடியைக் கொத்தும்போது வெறுங்கை வைக்காதீர்கள், கூட்டிலும் மயிர் இருக்கும்.

பகலில் ஒரே இடத்தில் கிடப்பதுதான் உங்களுக்கு வாய்ப்பு. எங்கள் ஆட்கள் தென்னோலைச் சூள் கொளுத்திப் பிடிப்பார்கள். பலன் உண்டு, ஆனால் கவனம் வேண்டும். ஒரே இடத்தில் நெருப்பு நின்றால் பட்டை வெந்துபோகும். நான் சொல்வது சவர்க்காரத் தண்ணீர். முழுக்கைச் சட்டை போட்டு, காற்று முதுகுப் பக்கம் வர நின்று, முதலில் கூட்டத்தை நன்றாக நனையுங்கள். நனைந்த மயிர் பறக்காது. பிறகு நீளத் தும்புத்தடியால் வழித்து, சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் விழுத்துங்கள். இரண்டொரு நாளில் மிச்சம் மீதி இறங்கிவந்திருக்கும், திரும்பவும் பாருங்கள்.

சின்னவனைச் சொறிய விடாதீர்கள், தேய்த்தால் மயிர் இன்னும் இறங்கும். செலோடேப்பை ஒட்டி உரித்தால் மயிர் அதோடு வரும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். உடுப்புக் காயும் கொடி அந்த மரத்தில் கட்டியிருந்தால் இப்போதைக்கு மாற்றுங்கள். கண்ணில் பட்டாலோ மூச்சு இழுத்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள்.