கக்கன்: எளிமைக்கு அப்பால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊரில் பழைய காங்கிரஸ் அமைச்சர் கக்கனுக்கு நினைவுக் கூட்டம் ஒன்று நடந்தது. ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேருமே மதுரை அரசு மருத்துவமனைப் பொது வார்டில் அவர் கிடந்ததையும், எம்.ஜி.ஆர். தற்செயலாக அவரைப் பார்த்ததையும்தான் சொன்னார்கள். வீடு திரும்பும்போது பத்தாவது படிக்கும் என் மகன், "சரிப்பா, மந்திரியா இருந்தப்ப அவர் என்ன செஞ்சார்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. என் மாமனாரோ 1965 என்று ஆரம்பித்தால் இன்றைக்கும் கொதிப்பார். கக்கனை எப்படித்தான் புரிந்துகொள்வது?

ஒரு வாசகர், மேலூர் வட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகன் கேட்டதை அந்த மேடையிலேயே யாராவது கேட்டிருக்க வேண்டும்.

காமராஜரின் எளிமையைப் பேசுகிறவர்கள் கூடவே பள்ளிக்கூடங்களையும் மதிய உணவையும் பேசிவிடுவார்கள். கக்கனுக்கு மட்டும் எளிமையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தும்பைப்பட்டியில் பிறந்து, காங்கிரசில் வளர்ந்து, அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்து, 1952இல் மக்களவைக்குப் போய், தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டிக்குத் தலைவராகவும் இருந்தவர். இத்தனையும் பரிதாபத்தால் கிடைப்பதில்லை. அதற்கு அரசியல் தெரிந்திருக்க வேண்டும்.

1939 ஜூலை 8ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் தலைமையில், பட்டியல் சமூகத்தினருக்கு அதுவரை மூடியிருந்த மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த சிறு குழுவில் கக்கனும் ஒருவர். ஐயரைக் கொண்டாடுவது சரிதான். ஆனால் உள்ளே போனவர்கள் ஐயர் கைபிடித்து நடந்த பிள்ளைகள் அல்ல. அன்று சாயங்காலம் ஊருக்குத் திரும்பி, அதன் பலாபலனை அனுபவிக்க வேண்டியிருந்தவர்கள் அவர்கள்தான். ராஜாஜி அரசு கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது அதற்குப் பிறகு.

மந்திரியாக என்ன செய்தார்? 1957இல் காமராஜர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறை அவருக்கு வந்தது. 1959இல் வைகை அணை திறந்தபோது துறையின் அமைச்சர் அவர்தான். பெரியாற்றுப் பாசனத்தை நம்பியிருக்கும் மேலூர்க்காரருக்கு வைகை அணையின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. 1962க்குப் பிறகு விவசாயத் துறை. 1963இல் பக்தவத்சலம் முதல்வரானதும் உள்துறை.

உங்கள் மாமனாரின் கோபம் அங்கேதான் தொடங்குகிறது. 1942இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கைதாகி அலிப்புரம் சிறையில் கிடந்த மனிதரின் பொறுப்பில் இப்போது காவல்துறை இருந்தது. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்பு வெடித்தது. 27ஆம் தேதி சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் போலீஸ் குண்டுக்குப் பலியானார். மாநிலம் முழுக்கத் துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. டெல்லியில் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகுவதாக ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். இங்கே உள்துறை அமைச்சர் பதவியில் நீடித்தார்.

இதைச் சொன்னால் உடனே ஒரு சமாதானம் வரும்: "அவர் பாவம், நல்ல மனுஷன், எல்லாம் பக்தவத்சலம் முடிவு." முதல்வரின் பிடிவாதம் உண்மைதான். ஆனாலும் எனக்கு இந்தச் சமாதானம் பிடிக்கவில்லை. பட்டியல் சமூகத்திலிருந்து வந்த ஒரு மூத்த தலைவரை, கையில் எதுவுமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவராக அது ஆக்கிவிடுகிறது. அவர் அமைச்சராகத்தான் இருந்தார். கணக்கும் அமைச்சருக்குரிய கணக்காகவே இருக்கட்டும். வைகையை அவர் பெயரில் எழுதினால் சிதம்பரத்தையும் எழுதத்தான் வேண்டும். மாமனாரின் கோபத்தில், மேடையில் பேசிய ஐந்து பேரிடமும் இல்லாத ஒரு மரியாதை இருக்கிறது என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

1967இல் மேலூர்ப் பக்கமே அவரைத் தோற்கடித்தது. விருதுநகரில் காமராஜரும், ஸ்ரீபெரும்புதூரில் பக்தவத்சலமும் தோற்ற அதே தேர்தல். அதன்பின் 1981இல் இறக்கும்வரை அவர் பதவிக்கு வரவில்லை. பொது வார்டுக் கதை அந்தக் கடைசிக் காலத்தைச் சேர்ந்தது. பதவியில் இருந்து எதுவும் சேர்த்துக்கொள்ளாதவர் என்பதற்கு அது சாட்சி. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பத்து வருஷ அமைச்சர் வாழ்க்கைக்கு அது பதிலாகாது.

அந்தக் காலத்துச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் இருக்கின்றன. பெரிய நூலகம் ஒன்றுக்கு மகனைக் கூட்டிப்போய் 1965ஆம் வருஷத் தொகுதிகளைப் புரட்டுங்கள். மாமனார் வர முடியுமென்றால் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்.