ஊருக்கே தண்டம் போடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போரில் குண்டு விழுந்து பொதுமக்கள் இறந்தாலே அது ‘கூட்டுத் தண்டனை’தானா? (ஏற்காடு வாசகர்)

பதில்: இல்லை. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதல்ல, எதற்காகச் செய்தார்கள் என்பதே இங்கே அளவுகோல். ஆயுதக் கிடங்கைக் குறிவைத்த குண்டில் பக்கத்து வீட்டார் இறந்தால், ராணுவப் பயனைவிட இழப்பு மிஞ்சியதா, முன்னெச்சரிக்கை எடுத்தார்களா என்று வேறு விதிகளை வைத்துப் பார்ப்பார்கள். யாரோ செய்ததற்காக, அதில் கை வைக்காதவர்கள்மேல் வேண்டுமென்றே சுமத்துவதுதான் கூட்டுத் தண்டனை. அது ஒரு உயிர்கூடப் போகாமலும் நடக்கும்: ஊருக்கே அபராதம், சந்தேக நபரின் பெற்றோர் வீட்டை இடிப்பது, ரேஷனை வெட்டுவது, தண்ணீரை அடைப்பது.

ஊரடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். தேடுதல் முடியும்வரை என்றால் அது பாதுகாப்பு நடவடிக்கையாக இருக்கலாம். ‘ஆளைக் காட்டிக் கொடுக்கும்வரை’ என்றால் அது தண்டனை. அதனால்தான் உத்தரவின் வாசகமும் அதிகாரி மேடையில் பேசியதும் சாட்சியமாகின்றன. காரணமே எழுதாத உத்தரவானால், எந்தச் சம்பவத்துக்கு மறுநாள் வந்தது என்று தேதியைப் பாருங்கள். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: ஆயுதக் குழுவுக்கு ஊரே சோறு போட்டு ஒளித்து வைத்திருந்தால், ஊருக்கும் பங்கு உண்டுதானே? (ஆத்தூர் வாசகர்)

பதில்: பழைய சட்டம் ஓட்டை விட்டது இந்த இடத்தில்தான். கூட்டாகப் பொறுப்பு என்று கருத முடியாத மக்கள்மேல் பொதுத் தண்டம் கூடாது என்றது போர் நடத்தும் முறைக்கான 1907 ஹேக் விதிகளின் 50-வது பிரிவு. கருத முடியுமா முடியாதா என்பதை யார் முடிவு செய்வது? ஊரைப் பிடித்து வைத்திருந்த படையே! 1942-ல் நாஜி அதிகாரி ஹைட்ரிக் கொல்லப்பட்டதற்குப் பழியாக, செக் கிராமமான லிடிட்சேயில் 173 ஆண்களைச் சுட்டுக்கொன்றார்கள். கொலைக்கும் அந்த ஊருக்கும் தொடர்பு இருந்ததாக நிரூபிக்கப்படவே இல்லை.

போர்க்காலத்தில் பொதுமக்களைக் காப்பதற்கான 1949-ன் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, 33-வது பிரிவில், அந்த ஓட்டையை அடைத்தது: தானே செய்யாத குற்றத்துக்காக யாரையும் தண்டிக்கக் கூடாது. பழிவாங்கலும் கூடாது. சோறு போட்டவர்மேல் சட்டப்படி தனியாக வழக்கு நடத்தலாம். அவருடைய தெருவின்மேல் நடத்த முடியாது. தவிர, ராத்திரியில் துப்பாக்கியோடு கதவைத் தட்டுகிறவனிடம் சோறில்லை என்று சொல்லும் தெம்பு எந்த வீட்டுக்கு இருக்கிறது? ‘பயமுறுத்தினால்தான் அடங்குவார்கள்’ என்ற வாதமும் பொய்த்துப் போகிறது. இரண்டு பக்கமும் அடி வாங்கும் ஊர் யாருக்கும் தகவல் சொல்லாது.

கேள்வி: இதற்காக யாராவது தண்டனை பெற்றிருக்கிறார்களா? (ஓமலூர், சட்ட மாணவி)

பதில்: மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனின் உள்நாட்டுப் போர்க் குற்றங்களை விசாரித்த சிறப்பு நீதிமன்றத்தின் சட்டத்தில் இது தனிக் குற்றம், அந்த நீதிமன்றம் 2007-ல் மூவரை இதற்காகவும் குற்றவாளிகள் என்றது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான 1998 ரோம் சட்டத்தின் போர்க்குற்றப் பட்டியலிலோ இந்தப் பெயரே இல்லை. அங்கே கொலை, பட்டினி போடுதல், சொத்தழிப்பு என்று பிரித்துத்தான் வழக்குப் போட வேண்டும். பெரிய குறைதான்.

கேள்வி: வாச்சாத்தியில் 269 பேரைக் குற்றவாளிகள் என்றார்களே, அதுவும் கூட்டுத் தண்டனைதானே? (அம்மாப்பேட்டை வாசகர்)

பதில்: தலைகீழாகப் பார்க்கிறீர்கள். தருமபுரி மாவட்டத்து ஊரான வாச்சாத்தி போர்க்களம் அல்ல. ஜெனீவா விதிகள் அங்கே பொருந்தா. ஆனால் 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டையைத் தேடி வந்த அரசு ஊழியர்கள் ஊரையே சூறையாடி, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்களே, கூட்டுத் தண்டனையின் அச்சு அசல் வடிவம் அதுதான். 2011-ல் தருமபுரி நீதிமன்றம் செய்தது வேறு. வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை என்று துறைகளைத் தண்டிக்கவில்லை. பெயர் குறித்த ஆட்களை விசாரித்தது. அதற்குள் 54 பேர் இறந்துபோக, மீதி 215 பேருக்குச் செயலுக்கு ஏற்பத் தண்டனை கிடைத்தது: பாலியல் வன்கொடுமைக்காக 12 பேருக்குப் பத்தாண்டு, 5 பேருக்கு ஏழாண்டு, மற்றவர்களுக்கு அதைவிடக் குறைவு. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது.