நியான் போர்டில் டிரான்ஸ்பார்மர் அடிக்கடி புகைகிறதா?

அண்ணாச்சி, டவுன் கடை போர்டில் ஆறு மாசத்தில் மூணு 15,000 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போச்சு, அதுவும் சாரல் நேரத்தில்தான் என்கிறீர்கள். நாலாவது வாங்காதீங்க, மின் கசிவுதான் டிரான்ஸ்பார்மரைத் தின்னுது.

மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரோடு (குழாய் முனையில் கரண்ட் நுழையும் இடம்) மூடியைக் கழற்றிப் பாருங்க. தகரப் பெட்டி ஓரம் கறுத்த கோடும், பச்சை பூத்த செம்புக் கம்பியும் தெரிந்தால் தீப்பொறி ஓடுற இடம் அதுதான். துடைத்தால் போதாது, கறுத்த ஒயர், மூடி எல்லாம் மாற்றணும். புது ஒயர் தகரத்தை விட்டு 40 மி.மீ. தள்ளி, கண்ணாடித் தாங்கியில் நிற்கட்டும். பெட்டிக்கு எர்த் கட்டாயம்.

நியான் குழாயின் மொத்த நீளத்தையும் டிரான்ஸ்பார்மர் கம்பெனி அட்டவணையோடு ஒப்பிடுங்க. எலக்ட்ரோடு ஜோடிக்கு ஓரடி சேர்த்துக் கணக்குப் போடணும். நீளம் கூடினால் டிரான்ஸ்பார்மருக்குள் சுற்றிய கம்பியின் இன்சுலேஷன் தாங்காது. ஒரு குழாய் உடைந்தாலும் அதே கதிதான், உடனே அணைச்சிருங்க.