கிளீன் ரூமைக் கழற்றி மாற்றுவது: கேள்வி பதில்

மலேசியாவின் கூலிம் ஹைடெக் பார்க்கைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் கிளீன் ரூம், அதாவது காற்றில் தூசு மிகக் குறைவாக இருக்கும்படி கட்டும் உற்பத்தி அறை, பூட்டியும் பிரித்தும் காலம் தள்ளியவன் நான். பாடாங் செராயில் இன்று ஞாயிறு, வெளியே மழை, வேலை இல்லை. கேட்பவர் பெயருக்குப் பதில் ஊர்ப் பெயர் போட்டிருக்கிறேன். கேளுங்கள்.

லூனாஸ்: அண்ணே, எங்கள் அறை 10 மீட்டர் நீளம், 6 அகலம், 2.7 உயரம். சுத்தத் தரம் ஐ.எஸ்.ஓ. 7. ஒரு பக்கச் சுவரைக் கழற்றி 16 மீட்டராக நீட்டலாம் என்கிறார் தௌக்கே, எங்கள் முதலாளி. சுவர் பேனல் மட்டும் வாங்கினால் போதுமா?

போதாது தம்பி. தௌக்கே கண்ணுக்குச் சுவர்தான் தெரியும், நீங்கள் காற்றைக் கணக்குப் போடுங்கள். இப்போது உங்கள் அறை 162 கன மீட்டர். மணிக்கு 60 தடவை காற்று மாறும்படி வடிவமைத்திருந்தால், 9,720 கன மீட்டர் காற்று வேண்டும். (இந்த 60 தரநிலை கேட்பதல்ல, வடிவமைத்தவர் முடிவு. ஐ.எஸ்.ஓ. 14644-1 கேட்பது துகள் எண்ணிக்கையை: 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ளவை கன மீட்டருக்கு 3,52,000க்குள்.) 1200க்கு 600 மில்லிமீட்டர் ஃபேன் ஃபில்டர் யூனிட் (கூரையிலிருந்து காற்றை வடிகட்டித் தள்ளும் விசிறிப் பெட்டி) ஒன்று, நொடிக்கு 0.45 மீட்டர் வேகத்தில், மணிக்குச் சுமார் 1,100 கன மீட்டர் தள்ளும். ஆக 9 யூனிட். 16 மீட்டரானால் அறை 259 கன மீட்டர், அதற்கு 15 யூனிட்.

கூடுதல் ஆறு மோட்டாரின் சூடும், உள்ளே வரப்போகும் ஆட்களின் சூடும் ஏர்கோன் தலையில் விழும். அறைக்குள் அழுத்தம் வெளியைவிடக் கூடுதலாக இருக்க வெளிக்காற்றையும் கூட்ட வேண்டும். நம் ஊர்க் காற்றோ ஈரத்துணி மாதிரி. 22 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதம் வேண்டுமென்றால், உள்ளே விடும் காற்றின் பனிநிலை (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 11 டிகிரிக்கு அருகிலாவது இறங்க வேண்டும். பழைய ஏர்கோன் அதற்குத் தாங்குமா என்று முதலில் கேளுங்கள். அப்புறம் இன்னொன்று: கழற்றப்போகும் அந்தச் சுவரின் அடியில்தான் காற்று திரும்பிப் போகும் வழி இருக்கிறதா? பலர் அதையும் சேர்த்துக் கழற்றிவிட்டு முழிப்பார்கள்.

சுங்கை பட்டாணி: உற்பத்தியை நிறுத்தாமல் நீட்ட முடியுமா?

முடியும். புதுப் பகுதியைச் சுவருக்கு அப்பால் தனியாகக் கட்டி, மூடி, துடைத்து, அதன் யூனிட்டுகளை ஓடவிட்டு, துகள் எண்ணிப் பாருங்கள். நடுச்சுவரை ஒரு வார இறுதியில் கடைசியாக எடுங்கள். அலுமினியம் அறுப்பதெல்லாம் கட்டடத்துக்கு வெளியே.

பட்டர்வொர்த்: வேறு கட்டடத்துக்கு மாறுகிறோம். பிரிக்கும்போது எதில் கவனம் வேண்டும்?

பேனலுக்கு எண் போடுங்கள். ஸ்டிக்கர் வேண்டாம், சூட்டில் உரிந்துவிடும். பூட்டிய பிறகு மறைந்துபோகும் விளிம்பில் மார்க்கரால் எழுதி, அதே எண்ணை வரைபடத்திலும் எழுதுங்கள். ஒருமுறை எண் போடாத அறை ஒன்றை மீண்டும் பூட்டப் போய், ஜன்னல் பேனலுக்கு இடம் தேடியே ஒரு நாள் போனது. ராக்வுல் (பாறைப் பஞ்சு) அடைத்த பேனலைத் திறந்த லோரியில் ஏற்றவும் கூடாது. மழை விளிம்புக்குள் இறங்கினால் காயவே காயாது.

கூலிம்: கிளாஸ் 10,000 என்பதும் ஐ.எஸ்.ஓ. 7ம் ஒன்றா?

ஆமாம். கிளாஸ் 10,000 என்பது ஓர் அமெரிக்கத் தரநிலை வைத்த பழைய பெயர். அந்த அமெரிக்கத் தரநிலை 2001இலேயே ரத்தானது.

நிபோங் திபால்: ஹெப்பா ஃபில்டர் (நுண்துகளைப் பிடிக்கும் வடிகட்டி) போட்டு ஒரு வருடம்தான் ஆகிறது. இடம் மாறினால் புதிது வேண்டுமா?

புதிது போடுங்கள்.

நிபோங் திபால்: காசு மரத்திலா காய்க்கிறது? யூனிட்டோடு அப்படியே தூக்கிப் போகலாமே.

பட்டர்வொர்த்: நாங்களும் அப்படித்தான் செய்தோம், ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகவில்லை என்பது எப்படித் தெரியும்? சோதித்தீர்களா? லோரி குலுங்கும்போது மடிப்புத்தாள் பிசினிலிருந்து விலகும், கண்ணுக்குத் தெரியாது. படுக்க வைத்து, அதன் மேல் இன்னொன்றையும் அடுக்கியிருப்பீர்கள். மடிப்பு செங்குத்தாக நிற்கும்படிதான் ஏற்ற வேண்டும்.

பட்டர்வொர்த்: துகள் எண்ணிப் பார்த்தோம், பாஸ் ஆனது.

அறை நடுவில் எண்ணினால், ஓட்டை ஃபில்டரையும் மற்ற ஃபில்டர்கள் காப்பாற்றிவிடும்.

நிபோங் திபால்: சரி அண்ணே, யூனிட்டிலிருந்து கழற்றாமல், செங்குத்தாக வைத்து, கட்டிக்கொண்டு போனால்?

அப்படியென்றால் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் பூட்டியதும் ஒவ்வொன்றுக்கும் பி.ஏ.ஓ. புகை (சோதனைக்கான எண்ணெய்ப் புகை) விட்டுக் கசிவு பாருங்கள். மேல்பக்கத்தில் விட்ட புகையில் 0.01 சதவீதத்துக்கு மேல் எங்கே கசிந்தாலும் மாற்றுங்கள். ஃபில்டர் விளிம்பை அடைக்கும் ரப்பர் வார் தட்டையாகிப்போயிருந்தால் அதையும். இதற்கெல்லாம் ஆகும் கூலியைக் கூட்டிப் பார்த்துவிட்டு மரம் காய்ப்பதைப் பற்றிப் பேசலாம்.

லூனாஸ், இன்னொருவர்: சுவர் பேனல் மட்டும் வாங்கி நீட்டலாமா?

முதல் கேள்விக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கூலிம்: அதே பேனல், அதே யூனிட். பழைய சான்றிதழ் செல்லுமா?

செல்லாது. சான்றிதழ் அந்த இடத்தில் நின்ற அறைக்குத் தந்தது. காற்று வேகம், அழுத்த வேறுபாடு, கசிவு, துகள், எல்லாம் மறுபடியும். மருத்துவக் கருவி செய்கிறவர்கள் உரிம விஷயத்தை உங்கள் தரப் பிரிவிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல.

சுங்கை பட்டாணி: எவ்வளவு செலவாகும்?

அறையைப் பார்க்காமல் சொல்கிறவனிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

பாடாங் செராய்: எங்களுடையது சின்ன அறைதான், 12 பேனல். அதற்கும் எண் போடணுமா?

போடணும்.