குடிக்காதவர்களுக்கு பர்கண்டியில் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

பாரிஸ் புறநகரில் வசிக்கிறோம். அக்டோபரில் புதுச்சேரியிலிருந்து என் அப்பா வருகிறார். ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலி உண்டு. பிரான்சின் ஒயின் வட்டாரமான பர்கண்டியை அவருக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் மதுவைத் தொடுவதில்லை. “ஒயின் விற்கிற ஊரில் நமக்கென்ன வேலை?” என்கிறார் என் கணவர். ஒரு பயண நிறுவனம் டிஜோன், போன், க்ளூனி, வெஸ்லே என்ற நான்கு ஊர்களையும் ஒரே நாளில் காரில் காட்டுவதாகச் சொல்கிறது. போகலாமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

அவசியம் போங்கள். ஆனால் அந்த நான்கு ஊர்த் திட்டத்துக்கு மட்டும் பணம் கட்டிவிடாதீர்கள். பாரிஸிலிருந்து டிஜோனுக்குக் காரில் போகவே மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். அங்கிருந்து வெஸ்லே ஒரு திசையில், க்ளூனி வேறொரு திசையில். வரலாறு கற்பித்த ஒரு மனிதரைக் கூட்டிக்கொண்டு போய் நாள் முழுக்க நெடுஞ்சாலையைக் காட்டுவது பெரிய அநியாயம். டிஜோனில் இரண்டு மூன்று இரவுகள் தங்குங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும்.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். பர்கண்டியில் நீங்கள் பார்க்கப்போகும் பழைய கட்டடங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. துறவிகளுக்கும் கோமகன்களுக்கும் நோயாளிகளுக்கும் அது படியளந்திருக்கிறது. அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள ஒரு துளி ஒயின்கூடக் குடிக்க வேண்டியதில்லை.

இதற்கு முதல் சாட்சி போன் நகரத்தின் பழைய மருத்துவமனை, ஒத்தேல் தியூ. ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இங்கே போங்கள். அப்போது பர்கண்டியை ஆண்ட கோமகன் பிலிப்பின் தலைமை அமைச்சராக இருந்த நிக்கோலா ரோலானும் அவர் மனைவி கிகோனும் 1443இல் இதை நிறுவினார்கள். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான நூறாண்டுப் போர் அப்போது முடிந்திருக்கவில்லை. வேலையிழந்த படைவீரர்கள் கும்பல் கும்பலாக ஊர்களைக் கொள்ளையடித்துத் திரிந்த காலம். பஞ்சமும் சேர்ந்துகொண்டது. 1452ஆம் ஆண்டின் முதல் நாளில் முதல் நோயாளி உள்ளே வந்தார். கடைசி நோயாளிகள் இந்தக் கட்டடத்தை விட்டுப் போனது 1971இல். ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் ஒரே கூரையின் கீழ் வைத்தியம் நடந்திருக்கிறது.

தெருவிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். கறுத்த சிலேட்டுக் கூரை, எளிய சுவர். உள்முற்றத்தில் கால் வைத்ததும்தான் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கோலமிட்ட ஓட்டுக் கூரை தெரியும். ஏழைகளின் கூடம் ஐம்பது மீட்டர் அளவுக்கு நீண்டு கிடக்கிறது. இருபுறமும் சிவப்புத் திரையிட்ட கட்டில்கள். ஒரே கட்டிலில் இருவரைப் படுக்கவைத்த காலமும் உண்டு. கூடத்தின் கோடியிலேயே சிற்றாலயம். எழுந்து நடக்க முடியாதவரும் படுத்தபடியே பூசையைக் காணலாம்.

அந்தச் சிற்றாலயத்துக்காக ரோஜியர் வான் டெர் வெய்டன் வரைந்த ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியம் இப்போது தனி அறையில் இருக்கிறது. அப்பாவை அங்கே உட்காரவையுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். நடுவில் மிக்கேல் தேவதூதர் தராசு பிடித்து நிற்கிறார். ஒரு தட்டில் நற்செயல், மறு தட்டில் பாவம். பாவத்தின் தட்டுதான் தாழ்ந்திருக்கிறது. வலக்கோடியில் நரகம். அக்கால ஓவியங்களில் பாவிகளைக் கொம்பு முளைத்த பேய்கள் இழுத்துக்கொண்டு போகும். இதில் ஒரு பேய்கூட இல்லை. மனிதர்கள் தாங்களாகவே நெருப்பில் போய் விழுகிறார்கள். சாகக் கிடக்கிற நோயாளியின் கண் முன்னே இப்படி ஓர் ஓவியத்தை வைத்தவர்களின் மனதில் கருணை இருந்ததா, கண்டிப்பு இருந்ததா? இரண்டும் இருந்தன என்பது என் எண்ணம். கதவு போன்ற அதன் பலகைகளை ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாட்களிலும் மட்டும் திறந்தார்கள். மற்ற நாட்களில் வெளிப்பக்கம்தான் தெரியும். அங்கே ரோலானும் கிகோனும் முழந்தாளிட்டிருக்கிறார்கள். கொள்ளைநோயிலிருந்து காப்பார்கள் என்று மக்கள் நம்பிய இரண்டு புனிதர்களும் அவர்களோடு இருக்கிறார்கள்.

இவ்வளவு காலம் இந்த வைத்தியத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1457 முதல் மக்கள் இந்த மருத்துவமனைக்குத் திராட்சைத் தோட்டங்களை எழுதிவைத்து வந்திருக்கிறார்கள். இன்று ஏறத்தாழ 60 ஹெக்டேர் இருக்கிறது. அதில் விளையும் ஒயினை 1859 முதல் பொது ஏலத்தில் விற்கிறார்கள். இப்போது அந்த ஏலம் நவம்பர் மூன்றாம் ஞாயிறு அன்று நடக்கிறது. அந்தப் பணம் ஊரின் இன்றைய மருத்துவமனைக்குப் போகிறது. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். அக்டோபரில் போவது நல்லதுதான், ஏல வாரத்தில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

டிஜோனிலிருந்து போன் நகருக்கு ரயிலில் இருபது நிமிடம். போகும்போது வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். மேற்கே ஒரு தாழ்ந்த குன்றுச்சரிவு கூடவே வரும். ‘கிளிமா’ என்று பெயர் சூட்டப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டு நிலங்கள் அந்தச் சரிவில் இருக்கின்றன. 2015இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1098இல் நிறுவப்பட்ட சித்தோ மடத்தின் துறவிகள் வூஜோ என்ற ஊரில் வளர்த்த தோட்டம் இவற்றுள் புகழ்பெற்றது. மதில் சூழ்ந்த சுமார் 50 ஹெக்டேர். பிரெஞ்சுப் புரட்சியில் மடத்தின் சொத்து பறிமுதலானது. கைமாறிக் கைமாறி இன்று அந்த ஒரே மதிலுக்குள் எண்பது உரிமையாளர்கள் வரை இருக்கிறார்கள். பாகப்பிரிவினை என்றால் என்னவென்று அப்பாவுக்கு விளக்க வேண்டியிருக்காது!

டிஜோனில் கோமகன்களின் அரண்மனையில் ஒரு பகுதி இப்போது நுண்கலை அருங்காட்சியகம். நிரந்தரக் காட்சிக்கு டிக்கெட் இல்லை. அங்கே கோமகன் துணிவுள்ள பிலிப்பின் கல்லறைச் சிலையைப் பாருங்கள். இவர் மருத்துவமனைக் காலத்துப் பிலிப்பின் தாத்தா. 1395இல் காமே என்ற திராட்சை வகையைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்டவர் இவர். அதிகம் காய்க்கிற அந்த வகை பர்கண்டி ஒயினின் பெயரைக் கெடுக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். பினோ நுவார் என்ற திராட்சை வகை அங்கே நிலைபெற்றதில் அந்த ஆணைக்கும் பங்குண்டு. ஆனால் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது கோமகனை அல்ல. அவர் படுத்திருக்கும் கல்லுக்குக் கீழே வளைவு வளைவாக ஒரு நடை. ஆளுக்கு முழங்கை நீளம்தான் இருக்கும், அலபாஸ்டர் என்ற வெண்கல்லில் செதுக்கிய துக்கம் கொண்டாடுவோர் அதில் வரிசையாகப் போகிறார்கள். சிற்பி கிளாஸ் ஸ்லூட்டர் பட்டறையின் வேலை. தலைமுக்காடு ஒருவர் முகத்தை முழுக்க மறைக்கிறது. இன்னொருவர் மேலங்கியால் கண்ணைத் துடைக்கிறார். துணியின் மடிப்பிலேயே அழுகையைக் காட்டியிருக்கிறார்கள். குனிந்து பார்க்க வேண்டும், அப்பாவுக்கு ஒரு நாற்காலி கேட்டுப் பாருங்கள்.

மூன்றாம் நாளுக்கு ஃபோந்த்னே மடம். டிஜோனிலிருந்து மோன்பார் வரை ரயில், அங்கிருந்து சில கிலோமீட்டர் டாக்ஸி. சித்தோ மரபுத் துறவியான புனித பெர்னார்ட் 1118இல் நிறுவியது. க்ளூனி மடத்தின் பொன்னும் அலங்காரமும் அவருக்குப் பிடிக்காது. தேவாலயத்தில் அலங்காரம் ஏதுமில்லை, தரை கெட்டிப்பட்ட மண். துறவிகள் நடத்திய இரும்புப் பட்டறையும் அப்படியே இருக்கிறது. நீர்ச்சக்கரத்தால் இயங்கும் சம்மட்டியைப் பழைய முறையில் மறுபடி செய்து வைத்திருக்கிறார்கள். புரட்சிக்குப் பிறகு இந்த மடம் காகித ஆலையானது. 1906இல் எத்வார் எனார் என்பவர் வாங்கி, ஆலைக் கட்டடங்களை இடித்து, மடத்தை மீட்டெடுத்தார். படிகள் குறைவு, நடப்பதெல்லாம் பெரும்பாலும் சமதரை. முழங்காலுக்கு நல்லது.

வெஸ்லே குன்றின் மேல் இருக்கிறது, கடைசிவரை ஏற்றம். இந்த முறை வேண்டாம். க்ளூனிக்கு ரயில் இல்லை, பஸ்தான். ரோமில் இன்றைய புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகின் மிகப்பெரிய தேவாலயம் அங்கேதான் இருந்தது, 187 மீட்டர் நீளம். புரட்சிக்குப் பின் கல்லுக்காக விற்று இடித்துவிட்டார்கள். மிச்சம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த வெறுமையை நிதானமாகச் சுற்றிப் பார்க்க ஒரு முழு நாள் வேண்டும். வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சில. டிஜோன் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, அன்று போன் நகருக்குப் போய்விடுங்கள். சிற்றூர்களில் மதிய உணவு இரண்டு மணிக்கு மேல் கிடைப்பது கஷ்டம், சைவ உணவென்றால் இன்னும் கஷ்டம். கையில் ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள். மோன்பாரில் டாக்ஸி தானாக வந்து நிற்காது. முந்தின நாளே தொலைபேசியில் சொல்லிவையுங்கள், திரும்பி வருவதற்கும் சேர்த்து. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்