லேப்டாப் தாங்காத என்எஸ்-3 சிமுலேஷனை கிளவுடில் ஓட்டலாமா?

"என் 4 ஜிபி லேப்டாப்பில் என்எஸ்-3 கம்பைல் ஆகும்போதே தொங்கிவிடுகிறது. வைஃபை சிமுலேஷனை பிரவுசர் வழியாக கிளவுடில் ஓட்டினால் சீக்கிரம் முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். (என்எஸ்-3 என்பது ஒரு நெட்வொர்க் எப்படி இயங்கும் என்று கணினியிலேயே நடத்திப் பார்க்கும் மென்பொருள்.) கம்பைல் தலைவலி தீரும். சீக்கிரம் முடியுமா என்றால், நீங்கள் நினைக்கிற விதத்தில் முடியாது.

என்எஸ்-3 ஈவென்ட்களை (டேட்டா போவது, வருவது போன்ற நிகழ்வுகளை) நேர வரிசைப்படி ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கும். அதனால் வழக்கமாக ஒரு சிமுலேஷன் ஒரே ஒரு கோரில்தான் ஓடும். 16 கோர் மெஷின் எடுத்தாலும் 15 கோர் சும்மா கிடக்கும். ஜிபியு கொடுத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. வைஃபையில் இன்னொரு சிக்கல்: ஒரு நோடு (நெட்வொர்க்கில் உள்ள ஒரு கருவி) ஒரு ஃபிரேம் (ஒரு டேட்டா துண்டு) அனுப்பினால், அதே சேனலில் இருக்கும் மற்ற ஒவ்வொரு நோடுக்கும் தனியாக ஒரு ரிசீவ் ஈவென்ட் உருவாகும். 10 நோடு என்றால் 9, 100 நோடு என்றால் 99. நோடுகளை 10 மடங்காக்கி, ஒவ்வொன்றையும் அதே அளவு அனுப்பவிட்டால் வேலை கிட்டத்தட்ட 100 மடங்காகும்.

அப்புறம் கிளவுட் எதற்கு? ஒரே சிமுலேஷனைப் பல முறை ஓட்டத்தான். போன வருடம் ஜூனியர் ஒருவன், "பத்து தடவை ஓட்டி ஆவரேஜ் எடுத்துட்டேன் அண்ணா" என்று எக்ஸெல் ஷீட்டோடு வந்தான். பத்து வரியிலும் த்ரூபுட் (ஒரு விநாடிக்குப் போய்ச்சேரும் டேட்டா அளவு) கடைசி தசமம் வரை ஒரே எண். "எவ்வளவு ஸ்டேபிளா இருக்கு பாருங்க" என்று பெருமை வேறு! ரேண்டம் எண்களைத் தீர்மானிக்கும் சீட், ரன் இரண்டும் தானாகவே 1 என்று இருக்கும். மாற்றாவிட்டால் நூறு தடவை ஓட்டினாலும் அதே விடைதான். ரன் எண்ணை 1 முதல் 10 வரை மாற்றி, 4 கோர் மெஷினில் ஒரே நேரத்தில் நான்கு நான்காக விடுங்கள். கிளவுடின் லாபம் அங்கேதான்.

நான் இப்போது பயன்படுத்துவது, பிரவுசரிலேயே திறக்கும் கிளவுட் மெஷினான கிட்ஹப் கோட்ஸ்பேசஸ். தனிநபர் கணக்குக்கு மாதம் 120 கோர்-மணி இலவசம். 2 கோர் மெஷின் என்றால் 60 மணி நேரம், 4 கோர் என்றால் 30. அசைவு எதுவும் இல்லாவிட்டால் 30 நிமிடத்தில் நின்றுவிடும், ஆனால் ஃபைல்கள் அப்படியே இருக்கும். இதற்கு முன் வேறொரு இலவச நோட்புக் தளத்தில் இரவு ஓடவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் செஷனும் இல்லை, ரிசல்ட்டும் இல்லை. சேமிக்காதது என் தப்புதான். அன்றிலிருந்து ஒவ்வொரு ரன் முடிந்ததும் ரிசல்ட்டைப் பதியும் ஃப்ளோ மானிட்டர் ஃபைல் வெளியே போய்விடுகிற மாதிரி ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

உண்மையில் வேகம் வேண்டுமென்றால், மெஷினை மாற்றும் முன் பில்டை (என்எஸ்-3-ஐ கம்பைல் செய்யும் முறையை) வேகத்துக்கான ஆப்டிமைஸ்டு ஆக்குங்கள். பிழை தேடுவதற்கான டீபக் பில்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆனால் ஆப்டிமைஸ்டில் லாக் (ஓடும்போது திரையில் வரும் குறிப்புகள்) எதுவும் வராது. கோட் உடைந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொரு பாக்கெட்டையும் ஃபைலில் பதியும் பீகேப் டிரேஸையும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் டிஸ்க் நிரம்பிவிடும்.

சிமுலேஷனை அனிமேஷனாகக் காட்டும் நெட்அனிம் மட்டும் பிரவுசர் டெர்மினலில் திறக்காது, அதற்குத் தனி விண்டோ வேண்டும். அது படிக்கும் எக்ஸ்எம்எல் ஃபைலை இறக்கி உங்கள் லேப்டாப்பிலேயே பாருங்கள். வைவாவில் காட்ட 5 நோடு, 10 விநாடி போதும். அந்த அளவை 4 ஜிபி தாங்கும்.