அதற்கு அடுத்த வரி

கேள்வி: 14 மாதங்களுக்கு முன்பு அண்ணனோடு பைக்கில் போகும்போது லாரி மோதிவிட்டது. எனக்குத் தோள்பட்டையில் எலும்பு முறிவு, அண்ணனுக்குக் காலில் மூன்று ஆபரேஷன். லாரி தவறான பக்கத்தில் வந்தது என்று போலீஸே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் குறுக்கு வழியில் போகலாம் என்று சொன்னது நான்தான். இன்றைக்கும் ஹாரன் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது. 'மனசில் இருப்பதையெல்லாம் டைரியில் கொட்டிவிடு, பாரம் குறையும்' என்றாள் தோழி. மூன்று மாதமாக இரவு படுக்கும் முன் எழுதுகிறேன். இரண்டு நோட்டு தீர்ந்துவிட்டது. பாரம் குறையவில்லை, இருந்த தூக்கமும் போய்விட்டது. எழுதுவதை நிறுத்திவிடலாமா? அண்ணன் கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயம் வேறு. அன்று ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் ரோட்டில் கிடந்தபடியே 'தூங்காதே, தூங்காதே' என்று என் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தான். இப்போது இருவரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

- பெயர் வெளியிட வேண்டாம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒன்று. இன்று இரவிலிருந்து படுக்கும் முன் விபத்தைப் பற்றி எழுத வேண்டாம். நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

கடிதத்தோடு நோட்டின் இரண்டு பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தீர்கள். ஒன்று எழுத ஆரம்பித்த முதல் வாரத்தில் எழுதியது, மற்றது போன வாரம். தேதியை மறைத்துவிட்டால் எது முந்தியது, எது பிந்தியது என்று என்னால் சொல்ல முடியாது. அதே குறுக்கு வழி, அதே திருப்பம். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் நிற்கின்றன: 'லைட் நேரா மூஞ்சிக்கு வருது. சத்தம்.' அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. திருப்பம் வரை 'போனோம்', 'சொன்னேன்', 'திரும்பினோம்' என்று எழுதுகிறீர்கள். லாரி வந்ததும் 'வருது', 'கேக்குது' என்று மாறிவிடுகிறது. 14 மாதத்துக்கு முன் முடிந்த விஷயம் நோட்டில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதிர்ச்சி தந்த நினைவின் குணம் அது. மற்ற நினைவுகள் 'அன்றைக்கு நடந்தது' என்று வரும், இது 'இதோ நடக்கிறது' என்று வந்து நிற்கும். ஹாரன் கேட்டால் கை நடுங்குவதும் அதனால்தான். கைக்குத் தேதி தெரியாது.

தோழி நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தக் 'கொட்டிவிடு' என்ற சொல்லோடு எனக்குப் பல வருடச் சண்டை. மனசு குடமாக இருந்தால் கவிழ்த்ததும் காலியாகிவிடும். நீங்கள் மூன்று மாதமாகக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறீர்கள், மறுநாள் பார்த்தால் அதே அளவு நிற்கிறது.

எழுதினால் மனம் தேறும் என்ற பேச்சுக்குப் பின்னால் ஓர் ஆய்வு உண்டு. 1986-ல் ஜேம்ஸ் பென்னபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 46 கல்லூரி மாணவர்களை எழுதச் சொன்னார்கள். சிலருக்குச் சாதாரணத் தலைப்பு. மற்றவர்கள் வாழ்க்கையில் தங்களை உலுக்கிய ஒன்றை எழுத வேண்டும். அவர்களிலும் ஒரு பிரிவு நடந்ததை மட்டும், ஒரு பிரிவு உணர்ச்சியை மட்டும், ஒரு பிரிவு இரண்டையும் சேர்த்து. சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் உடம்பு சரியில்லை என்று கல்லூரி மருத்துவமனைக்குப் போவது குறைந்தது. எழுதி முடித்த கையோடு பார்த்தால் அவர்களுக்கும் மனம் கனத்துத்தான் இருந்தது, ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. ஆகவே எழுதிய உடனே பாரமாக இருப்பதை வைத்து 'எனக்கு இது ஒத்துவரவில்லை' என்று முடிவுகட்ட வேண்டாம்.

அவர்கள் எழுதியது எவ்வளவு தெரியுமா? ஒரு நாளைக்கு 15 நிமிடம், நான்கு நாள். மொத்தமே ஒரு மணி நேரம். பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். உங்கள் இரண்டு நோட்டுகளையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்த முறையைப் பற்றி வந்த 146 ஆய்வுகளை 2006-ல் ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். பலன் உண்டு, ஆனால் சிறியது என்பதுதான் விடை. டைரியைச் சர்வரோக நிவாரணியாகப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுவார்கள். 2013-ல் வந்த இன்னோர் ஆய்வு உங்களுக்கு நேராகவே பொருந்தும். மண வாழ்க்கையில் பிரிந்தவர்களை எழுதவைத்துப் பார்த்தார்கள். எதையும் திரும்பத் திரும்ப அசைபோடும் சுபாவம் உள்ளவர்கள், உணர்ச்சிகளை எழுதியபோது தேறுவது தள்ளிப்போனது. அதே சுபாவக்காரர்கள் அன்றன்றைக்குச் செய்த வேலைகளைச் சாதாரணமாக எழுதியபோது அவர்களைவிட நன்றாகவே இருந்தார்கள். செக்குமாட்டை இன்னும் கொஞ்ச நேரம் சுற்ற விட்டால் ஊர் வந்துவிடுமா?

அப்படியானால் எழுதவே கூடாதா? எழுதலாம். லாரி லைட்டோடு நின்றுவிடாமல் எழுத வேண்டும்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. அண்ணன் 'தூங்காதே' என்று உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார் என்கிற வரி. நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கத்திலும் அது இல்லை. இரண்டு நோட்டிலும் இருக்காது என்பது என் ஊகம். முகம் தெரியாத எனக்குப் போகிற போக்கில் எழுத முடிந்த அந்த வரி, நோட்டில் சத்தத்துக்கு அடுத்து வந்திருக்க வேண்டியது. சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு ஒரு குரல் கேட்டது, ஆம்புலன்ஸ் வந்தது, யாரோ தூக்கினார்கள், விடிந்தது. இவை எல்லாமும் நடந்ததுதான். உங்கள் நோட்டு மட்டும் தினமும் லாரிக்கு முன்னால் போய் நின்றுகொள்கிறது.

போரில் தப்பிவந்த அகதிகளுக்காக ஜெர்மனியில் உருவான ஒரு சிகிச்சை முறை உண்டு. முதலில் தரையில் ஒரு கயிற்றை விரிப்பார்கள். ஒரு முனை பிறந்த நாள். நல்லது நடந்த இடத்தில் ஒரு பூ, கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல். கயிற்றை முழுக்க விரிக்க மாட்டார்கள், இனி வரப்போகும் வருடங்களுக்காக மறுமுனையைச் சுருட்டியே வைத்திருப்பார்கள். பிறகு ஒவ்வொரு கல்லாகக் கதை சொல்லச் சொல்வார்கள். அதில் ஒரு கட்டாயம்: கல்லின் மேல் கதையை நிறுத்தக் கூடாது. உயிருக்கு இனி ஆபத்தில்லை என்ற இடத்துக்கு வந்து சேரும்வரை சொல்ல வேண்டும்.

அதைத்தான் உங்களிடமும் கேட்கிறேன். பகலில் ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள், வீட்டில் யாராவது இருக்கும் நேரமாக இருக்கட்டும். அலாரம் 20 நிமிடத்துக்கு. விபத்திலிருந்து தொடங்காதீர்கள். அன்று கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எந்தச் செருப்பைப் போட்டீர்கள், என்ன பேசினீர்கள் என்று தொடங்கி, ஆஸ்பத்திரியில் உங்கள் தோளுக்குக் கட்டுப்போட்டு முடித்தது வரை வந்து சேருங்கள். நடுவில் என்ன நடந்தது, உள்ளே எப்படி இருந்தது, இரண்டும் வரட்டும். எல்லாம் இறந்தகாலத்தில். கை 'வருது' என்று எழுதப் பார்க்கும். அடித்துவிட்டு 'வந்தது' என்று எழுதுங்கள். 'முடிந்துவிட்டது' என்பதில் வரும் அந்த 'விட்டது' இருக்கிறதே, அது ரொம்ப உபயோகமான சொல். எழுத்துப் பிழை, கோர்வை, அழகு எதைப் பற்றியும் கவலை வேண்டாம். அலாரம் அடித்தால் வாக்கியத்தை முடித்துவிட்டு எழுந்து, கைக்கு வேலை தரும் எதையாவது செய்யுங்கள். துணி மடிப்பதுகூடப் போதும். நான்கு நாள். ஐந்தாவது நாள் எழுத வேண்டாம், எழுத வேண்டும் போல் இருந்தாலும்.

எழுதும்போது கொஞ்சம் அழுகை வரும், அது பரவாயில்லை. ஆனால் உடம்பு மரத்துப்போவது போலவோ, அறையில் இல்லாதது போலவோ ஆனால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். எழுந்து நின்று, கண்ணில் படும் பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். அன்றைக்கு மறுபடி உட்காராதீர்கள், அதற்கு மேல் தனியாக முயலவும் வேண்டாம்.

'நான்தான் சொன்னேன்' என்பதற்குத் தனியாக ஒரு தாள் எடுங்கள். அதைக் கதைக்குள் கலக்காதீர்கள். 1980-களில் பட்ரீஷியா ரெசிக் என்ற உளவியலாளர் வடிவமைத்த சிகிச்சையில் இப்படிப்பட்ட வாக்கியங்களைத் தேடிப்பிடிப்பதே பெரிய வேலை. உங்கள் வாக்கியத்தை மேலே எழுதுங்கள்: 'அந்த வழியைச் சொல்லியிருக்கக் கூடாது.' கீழே, அதைச் சொன்ன நிமிடத்தில் உங்களுக்கு என்னென்ன தெரியும் என்று எழுதுங்கள். லாரி வருவது தெரியுமா? அதே வழியில் அதற்கு முன்பு போனதுண்டா? அப்போதெல்லாம் என்ன நடந்தது? 'கூடாது' என்பது மோதிய பிறகு பிறந்த சொல். வழியைச் சொன்ன பெண்ணின் கையில் அது இல்லை. போலீஸ் எழுதியதை எனக்கு எழுதிய நீங்கள், அந்தத் தாளிலும் ஒரு வரி எழுதிவையுங்கள்.

இரவில் பேனா பிடித்துப் பழகிவிட்டதால் கை தேடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. 2018-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 57 பேரைப் படுக்கும் முன் 5 நிமிடம் எழுதச் சொன்னார்கள். ஒரு பாதியினர் செய்து முடித்த வேலைகளை, மறு பாதியினர் இனிச் செய்ய வேண்டியவற்றை. செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் சீக்கிரம் தூங்கிப்போனார்கள். அதிசயமான மருந்து ஒன்றும் இல்லைதான். ஆனாலும் லாரியோடு படுப்பதற்கு, கரண்ட் பில் கட்ட வேண்டும் என்ற நினைப்போடு படுப்பது எவ்வளவோ மேல்.

இனி சொல்வதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். இப்படிப்பட்ட தொந்தரவு ஒரு மாதத்தைத் தாண்டினாலே டாக்டர்கள் அதற்குப் பெயர் வைத்துச் சிகிச்சை பார்ப்பார்கள். உங்களுக்கு 14 மாதம் ஆகிறது, தூக்கமும் போயிருக்கிறது. மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ நாள் வாங்கிவிட்டு, பிறகு அந்த நான்கு நாளைத் தொடங்குங்கள். முதலில் அவரைப் பார்த்துவிட்டே எழுதுகிறேன் என்றால் இன்னும் நல்லது. எழுத்தையே மையமாக வைத்த சிகிச்சையும் இருக்கிறது. சிகிச்சையாளர் என்ன எழுத வேண்டும் என்று சொல்லித் தருவார், 30 நிமிடம் எழுத வேண்டும், ஐந்தே அமர்வுகள். 2018-ல் 126 பேரிடம் இதை 12 அமர்வுகள் கொண்ட சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், பலனில் அதற்குக் குறைவில்லை. பாதியில் விட்டுப் போனவர்களும் மிகக் குறைவு. எழுதிப் பழகிய உங்களுக்கு ஒத்துவரலாம், கேட்டுப்பாருங்கள். வாழவே வேண்டாம் என்று ஒரு நாள் தோன்றினால் நோட்டிடம் போகாதீர்கள், ஆளிடம் போங்கள். அன்றே, எந்த நேரமானாலும்.

அண்ணன் கண்ணில் படுமே என்கிறீர்கள். உதிரித் தாளில் எழுதிக் கிழித்துப் போட்டுவிடுங்கள். எழுதும்போதே வேலை நடந்துவிடுகிறது, பத்திரப்படுத்தத் தேவையில்லை. யாரோ படிப்பார்கள் என்று பயந்து பயந்து எழுதினால் பாதி உண்மைதான் வரும். டாக்டரிடம் காட்ட விரும்பினால் மட்டும் கவரில் போட்டுப் பூட்டிவையுங்கள். அண்ணனிடம் இதையெல்லாம் படித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் அவருக்கும் அந்த இரவு இருக்கிறது, அதில் அவர் விழித்திருந்து உங்கள் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார். எப்போதாவது பேசத் தோன்றினால் லாரியை விட்டுவிட்டு அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

நான்கு நாள் முடிந்து ஒரு மாதம் கழித்து எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். பக்கங்களை அனுப்ப வேண்டாம். தூக்கம் எப்படி இருக்கிறது, டாக்டரைப் பார்த்தீர்களா, இந்த இரண்டு மட்டும் போதும்.